அவன் எங்கள் ஆள் அல்ல

ஒரு மனிதனைக் காட்டி, "இவன் எங்கள் ஆள் அல்ல" என்று நான் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யினால் அவன் வீடு திரும்பவில்லை.

இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டபோதுகூட, குடித்தேன், கோபப்பட்டேன் என்று சின்னப் பாவங்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தவன் நான். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிப்பீர்கள் என்பதற்காக அல்ல. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான்.

நான் மட்டக்களப்புப் பறங்கியன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கப்பலேறிப் போன பிறகும் இந்த வாவிக்கரையில் தங்கிவிட்டவர்களின் வழி. பெயர் வெள்ளைக்காரப் பெயர், சோறும் மீன்குழம்பும் இந்த ஊருடையவை. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்! என் அம்மா இசபெல், தன் சகோதரிகளுடன் எங்கள் பறங்கிப் பாஷையில்தான் பேசுவார். அது போர்த்துக்கேயத்தில் பிறந்து தமிழோடு வளர்ந்த பாஷை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கெக்கலித்தார்கள்.

எட்டு வயதிருக்கும். "என்னோட தமிழ்ல கதைங்க அம்மா, வெக்கமா இரிக்கு" என்று அழுதேன். அம்மா அன்றிலிருந்து என்னோடு தமிழிலேயே பேசினார். எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார்!

பிறகு யுத்தம் வந்தது. எது எனக்கு வெட்கமாக இருந்ததோ அதுவே எனக்குக் குடையாயிற்று. சோதனைச் சாவடிகளில் ஊர்ச்சனம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் வரிசையாக நிற்கும். நான் அடையாள அட்டையை நீட்டுவேன். சிப்பாய்கள் என் பெயரையும் வெள்ளைத் தோலையும் பூனைக்கண்ணையும் பார்த்துவிட்டு, "ஆ, லான்சி!" என்பார்கள். பறங்கியரைச் சிங்களவர் அப்படித்தான் அழைப்பார்கள். நான் வரிசையைத் தாண்டிப் போய்விடுவேன். வரிசையில் என்னோடு படித்தவர்களும் நிற்பார்கள். அவர்களைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

நான் கராஜ் மெக்கானிக். பக்கத்து இராணுவ முகாமின் வாகனங்களும் என்னிடம் வரும். ஒருநாள் அந்த முகாமின் அதிகாரி, வீட்டில் என்ன பாஷை பேசுவாய் என்று சிங்களத்தில் கேட்டார். "போர்த்துக்கேயம்தான் சேர். தமிழ் வெளியில் மட்டும்" என்றேன்.

ஏன் சொன்னேன்? எனக்குத் தெரிந்தது பத்துச் சொற்கள்கூட இல்லையே! அயலில் ஒவ்வொரு வீடாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அவர்களிடமிருந்து இன்னும் ஓரடி தள்ளி நிற்க ஆசைப்பட்டேன்... அந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் முதல்.

சில மாதங்களின் பின், ஒரு முற்பகலில், முகாமிலிருந்து ஜீப் வந்தது. ஏதோ திருத்த வேலை என்று நினைத்து, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதிகாரியின் அறையில் ஒருவன் நின்றான். முப்பது வயது மதிக்கலாம். நல்ல கறுப்பு. மேசையில் உளியும் சீவுளியும் கிடந்தன. மாங்கேணியில் கூரை வேலை முடித்துவிட்டு வரும் வழியில் பிடித்தார்களாம்.

"அட்டையில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கிறது" என்றார் அதிகாரி. "கள்ள அட்டையாக இருக்கலாம். ஆளின் நிறத்தைப் பார்! நீ உங்கள் பாஷையில் பேசிப் பார். உங்கள் ஆள் என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன்."

நிறம்... என் அம்மாவே கறுப்புத்தான். அவருடைய கண் மட்டும் எனக்கு வந்தது, தோல் அப்பாவுடையது. இதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரேயொரு கேள்வியைக் கேட்டேன். சுகமா என்ற கேள்வி. அவன் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்! தண்ணீர் கண்ட பயிர் போல நிமிர்ந்தான். மளமளவென்று பேசினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டுவிட்டு நிறுத்தினான். அந்தக் கேள்விக்குள் என் அம்மாவின் பெயர் இருந்தது. இசபெல்!

பாஷை தெரியாததால் தவறிவிட்டேன் என்று நீங்கள் எனக்காகச் சொல்லலாம். வேண்டாம். அந்தப் பெயரைக் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் எங்கள் ஆள்தான் என்று.

அவன் என் பதிலுக்குக் காத்து நின்றான். அதிகாரியும் காத்திருந்தார். எங்கள் ஆள் என்றால், அவன் என்ன கேட்டான் என்று அதிகாரி கேட்பார். விளங்கவில்லை என்றால் என் பொய் வெளிப்படும். பொய் சொன்ன லான்சி வேறு என்னென்ன மறைக்கிறான் என்று கேட்பார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்... எனக்குக் கனமிருந்தது.

"இது எங்கள் பாஷை இல்லை சேர். இவன் எங்கள் ஆள் அல்ல."

அவனுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். பதறிப்போய்த் தமிழுக்கு மாறினான். "என்ன அண்ணன் செல்றீங்க? நான் வின்சன்ட். திருகோணமலையில இருந்து இடம்பெயர்ந்து வந்த, மேபல்ட புரிசன். அண்ணன், இஞ்ச பாருங்க அண்ணன்!"

"பார்த்தாயா, என்ன அழகான தமிழ்!" என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆம், சிரித்தேன்.

அன்று மாலை, கல்லடிப் பாலத்தைக் கடந்து டச்பார் பகுதியில் இருந்த அம்மாவின் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவன் கடைசியாகக் கேட்டதை மறந்துவிடாதிருக்க, வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். அம்மாவிடம் அதைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, அர்த்தம் கேட்டேன். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்! மகன் வாயில் தன் பாஷையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார்.

"நீ இசபெல்ட மகன்தானே, கண் அப்பிடியே அவட கண் எண்டு கேட்டிரிக்காங்க. ஆர் மனே கேட்ட?"

"கராஜுக்கு வந்த ஒராள்" என்றேன்.

அவன் என்னைத் தன் ஆள் என்று அடையாளம் கண்டிருக்கிறான். அதைச் சொல்லித்தான் சிரித்திருக்கிறான்.

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மறுநாள் காலையே போய், பிழைவிட்டேன் சேர், அவன் எங்கள் ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஒரு லொறியின் கியர்ப்பெட்டியைக் கழற்றி, பூட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மேபல் கராஜுக்கு வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. "உங்களுக்கு அங்க பழக்கம் இரிக்காமே அண்ணன். போய், இவர் எங்கட ஆள் எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க. விட்டிருவாங்க."

"ஓம், போறன்" என்றேன். போனேன். அதிகாரி தலை நிமிராமலே, "எந்த ஆள்?" என்று கேட்டார். பிறகு, இங்கே அப்படி யாரும் இல்லை என்றார். மேபலிடம் அதையே சொன்னேன். வேறென்ன சொன்னேன்? ஒன்றுமில்லை.

மேபல் ஊரெல்லாம் தேடி அலைந்தது அம்மாவுக்கும் தெரியும். கராஜுக்கு வந்தவர் யார் என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் பறங்கிப் பாஷையிலேயே பேசினார். நானும் பதில் சொல்லப் பழகினேன். அவர் சாகும்வரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தமிழில் பேசினால் கேட்டுவிடுவார் என்று பயந்தேனோ என்னவோ!

இன்று எங்கள் சனத்துக்குள் அந்தப் பாஷையை நன்றாகப் பேசுகிறவன் நான்தான் என்கிறார்கள். கலியாண வீடுகளில் வாழ்த்துச் சொல்ல என்னைத்தான் எழுப்பிவிடுகிறார்கள். கை தட்டுகிறார்கள். எனக்கோ எப்போது உட்காரலாம் என்று இருக்கும்.

போன கிழமையும் ஒரு கலியாணம். மேபல் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். தலை முழுதும் நரைத்துவிட்டது. இந்தப் பாஷையை நான் பேசக் கேட்டால் வின்சன்ட் பேசுவது போலவே இருக்கிறது என்றாள். பிறகு எங்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டாள்:

"அண்டைக்கு அந்த முகாமில, அவரோட இப்பிடிக் கதைக்கத் தெரிஞ்ச ஒரு மனிசன் இருந்திருந்தா, விட்டிருப்பாங்க. என்ன அண்ணன்?"

"ஓம்" என்றேன். அதையும் எங்கள் பாஷையிலேயே, பிழையில்லாமல் சொன்னேன்.