லாரியின் பின்கதவு

எண்பதுகளில், மாதிரி வண்டிகளைச் சேகரிப்போருக்கான சிறு மாத இதழில் மதிப்புரை எழுதிவந்தேன். கொச்சியில் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளுக்கு லாரி ஓட்டிய மணி, மதிப்புரைக்காக ஒரு வண்டியை என்னிடம் தந்தார். பந்தயக் கார்களை ஏற்றிச் செல்லும் பழைய லாரியின் உலோக மாதிரி. கப்பலில் வேலை பார்க்கும் தம்பி அவருக்காக வாங்கிவந்தது.

“பின்கதவு முழுதாக மூடவில்லை; தயாரிப்புக் குறை” என்று எழுதினேன்.

இதழ் வந்ததும் மணி வண்டியைத் திரும்ப வாங்கிப்போக வந்தார். “மூடும்னுதான் நினைச்சேன். சார் அளந்து எழுதினா சரியாத்தான் இருக்கும். ‘நல்லா ஏமாந்தியேடா’ன்னு தம்பியைக் கேலி பண்ணினேன். அவன் முகமே வாடிப்போச்சு.”

அவர் போனதும் நாட்குறிப்பைப் புரட்டினேன். வண்டி கைக்கு வந்த அன்று, “பின்கதவு நன்றாக மூடுகிறது” என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மறுநாள் கீலை அளப்பதற்காக அழுத்தித் திறந்து வளைத்தது நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாலையே சுள்ளிக்கல்லில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“அப்போ தம்பி ஏமாறலை, அல்லே சாரே?” என்றவர், உள்ளே திரும்பி, “டேய், இங்க வா! சாரே வந்து சொல்றார், கேளு” என்று கூவினார்.

தம்பியிடம் மறுபடி முழுவதும் சொன்னேன். அடுத்த இதழில் திருத்தமும் எழுதினேன். இப்போதெல்லாம் எதிலும் குறை எழுதுமுன், அதில் என் கை எங்கே பட்டது என்று நாட்குறிப்பில் பார்த்துக்கொள்கிறேன்.