பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

சூரியநெல்லி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்து டிப்ளமோ முடித்த இந்துவுக்கு, வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரம் செய்யும் சின்ன கம்பெனியில் வேலை. எந்திரத்தின் சூட்டைக் கட்டுப்படுத்தும், போனிலிருந்தும் இயக்கக்கூடிய பெட்டி முழுக்க அவள் கைவேலை. ஏழு வருஷத்தில் எந்திரம் அவளைப் படுத்தியதில்லை. படுத்தியதெல்லாம் முதலாளி சிவப்பிரகாஷின் வாய்தான்.

போன மாதம் ஜோமோன் என்ற மலையாள ஏலத் தோட்டக்காரரிடம், “பன்னிரண்டு மணி நேரத்துல காய் காஞ்சிரும்” என்று சொல்லி எந்திரத்தை விற்றுவிட்டு வந்தார். பச்சை நிறம் கெடாமல் காய பதினெட்டு மணி நேரமாவது வேண்டும்.

“அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா முடியாதும்ப. அப்புறம் நான் எப்படி விக்கிறது?”

எந்திரம் ஓடிய மறுநாளே, பன்னிரண்டு மணி நேரத்தில் காய் காயவில்லை என்று ஜோமோன் கூப்பிட்டார். இந்து போய் ஈரப்பதம், காற்றோட்டம், ஐம்பது டிகிரி என்று அரை மணி நேரம் விளக்கினாள். அவர் கொட்டாவி விட்டார்.

“அதொக்கெ இருக்கட்டும் மோளே. பன்னிரண்டு மணிக்கூர்னு உங்க முதலாளி பறஞ்சது. எனக்கு அது கிட்டணும்.”

அவள் திரும்பி வந்த பிறகு, சிவப்பிரகாஷ் தன் போனிலிருந்தே சூட்டை அறுபத்தைந்துக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் இந்துவும் அவரும் போய்த் தட்டுகளை இழுத்தால், பாதிக் காய் வெளுத்து வாய் பிளந்து கிடந்தது. ஜோமோன் கத்தினார்.

“பெட்டியில ஏதோ கோளாறு. இந்து பாத்துச் சரி பண்ணிரும்” என்றார் சிவப்பிரகாஷ், கூசாமல்.

இந்து பெட்டியைப் போய்ப் பார்த்தாள். சூட்டை ஏற்றியது யாருடைய போன் என்று பெட்டியின் திரையிலேயே பதிவாகியிருந்தது. அதை ஜோமோனிடம் காட்ட ஒரு நொடி ஆகாது. காட்டினால் நாளைக்கு வேலை இருக்காது. திரையைச் சிவப்பிரகாஷ் பக்கம் மட்டும் திருப்பினாள். அவர் பார்வையைத் தட்டுகள் பக்கம் திருப்பிக்கொண்டார். சலித்துப்போய் ஜோமோனிடம் கேட்டாள்:

“சேட்டா, பன்னிரண்டு மணி நேரத்துல முடிக்க அப்படி என்னதான் அவசரம்?”

“தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுக் காய் வருமல்லோ. அதுக்கு முன்னே தட்டு காலியாகணும்.”

“இன்னைக்கு ஆறு மணிக்கு ஏத்தினா, பதினெட்டு மணி நேரம் ஓடினாலும் நாளைக்கு மத்தியானமே காலியாயிருமே!”

ஜோமோன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அப்போ அது போதும்.”

அவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்க ஆளில்லாமல் அரை ஈடு காய் பாழாய்ப் போனது. சிவப்பிரகாஷ் மேல் வந்த எரிச்சல் தன் மேலும் வந்தது. அரை மணி நேரம் பாடம் நடத்திய அவளும்தான் கேட்கவில்லை.

திரும்பும் ஜீப்பில் சொன்னாள். “இனிமே நான் பாக்காம யாருக்கும் நேரம் சொல்லக் கூடாதுண்ணே. எழுதித் தாங்க.”

“எழுத்தெல்லாம் எதுக்கு? போன்ல கேக்கேன்.”

சொன்னபடி அடுத்த வாரமே கேட்டார். பக்கத்தில் வேறொரு தோட்டக்காரரின் குரல்.

“இந்து, ஒரே வார்த்தை. பதினாறு மணி நேரத்துல முடியுமா முடியாதா?”

“எவ்வளவு காய்ண்ணே? அவங்களுக்கு எப்பக் காலியாகணும்னு கேளுங்க—”

“அதெல்லாம் அப்புறம். முடியுமா?”

“முடியாது.”

“சரி, பதினேழுன்னு சொல்லிடுதேன்.”

இந்து உடனே திரும்ப அழைத்தாள். அவர் எடுக்கவில்லை.