ஒற்றையானைக்கு முன்னால் ஓடிய வைப்பர்

அஜ்மானில் வாடகை குறைவு. அந்தக் காலத்தில் துபாயில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் தூங்கினோம். தூங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். விழித்திருந்த நேரமெல்லாம் ஆபீஸிலும் வழியில் ஷார்ஜா டிராஃபிக்கிலும் கழிந்துவிடும். என் வண்டியில் என்னையும் சேர்த்து நாலு பேர் போய்வந்தோம். வண்டி என்னுடையது. ஆகவே ஓட்டுவதும் நான், ஏசியைக் கூட்டுவதும் குறைப்பதும் நான், எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதும் நான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

முன்சீட்டில் மதுரைக்காரர், ஒரு கட்டுமானக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவர். அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. எனக்கு நேர் பின்னால் கும்பகோணத்துக்காரர், அக்கவுண்டன்ட். கதவைச் சாத்தியதும் தூங்கிவிடுவார். ஆபீஸ் வாசல் வந்ததும் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்வார். அவர் பக்கத்தில் நாகர்கோவில்காரர், டிராஃப்ட்ஸ்மேன். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பொறுமைசாலி.

எல்லோரும் ஏறியதும் முதல் வேலை சாயா. கஃபத்தீரியா முன்னால் நிறுத்தி ஒரு ஹாரன் அடித்தால் போதும், கடைக்காரச் சேட்டன் தட்டில் நாலு கப்போடு வந்து ஜன்னலில் நீட்டுவார். இறங்க வேண்டாம், எத்தனை என்று சொல்லவும் வேண்டாம்.

என் மனைவியும் மகளும் முந்தின வருடம் திருச்சிக்குப் போய்விட்டார்கள். மகளை ஊரில் படிக்க வைத்தால்தான் காலேஜுக்குச் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தவன் நான்தான். குடும்பத்தை அனுப்பிவிட்டு மறுபடி பேச்சிலர் ஆனவர்கள் வளைகுடாவில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஃபிளாட் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை பேச ஆள் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

மனைவிக்கு வண்டியிலிருந்துதான் போன் போடுவேன். டிராஃபிக் நிற்கும் இடத்தில் ஸ்பீக்கரில் பேசுவேன். உள்ளே நடக்கும் கூத்தெல்லாம் அவளுக்கும் கேட்கும். "யாரு சிரிக்கிறது, மதுரைத் தம்பியா?" என்பாள். ஆரம்பத்தில் சில தடவை, "நாங்க திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்டாள். அதற்குள் இங்கே யாராவது எதையாவது சொல்லிச் சிரிக்க, பேச்சு வேறு பக்கம் போய்விடும். பிறகு அவள் கேட்கவில்லை. ஷார்ஜா டிராஃபிக்கை மற்றவர்கள் வாய் ஓயாமல் திட்டுவார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். உள்ளுக்குள், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று இருக்கும்.

அந்த வருடம் மதுரைக்காரருக்குக் கனடாவில் குடியேறப் பேப்பர் வந்தது. கும்பகோணத்துக்காரரை அவர் கம்பெனி தோஹாவுக்கு மாற்றியது. நாகர்கோவில்காரராவது மிஞ்சுவார் என்று தைரியமாக இருந்தேன். அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்தது. "அங்கனயே ரூமும் தாராங்கண்ணே" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல. நல்ல விஷயம்தானே என்று கைகொடுத்தேன். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சமைக்கப் பிடிக்காமல் படுத்துவிட்டேன்.

பிரிவதற்குள் நாலு பேரும் ஒரு பயணம் போக வேண்டும் என்றவர் மதுரைக்காரர். டிவியில் சிங்கம் மானை விரட்டினால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடும் மனிதர். தென்னாப்பிரிக்காவில் நாமே வண்டி எடுத்துக் காட்டுக்குள் ஓட்டலாமாம். "டிரைவர் எதுக்குண்ணே, நீங்க இருக்கீங்கள்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே நான் விழுந்துவிட்டேன். எனக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. நீங்களெல்லாம் போய்விட்டால் எனக்கு இங்கே யாரும் இல்லை என்று அவர்களிடம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி யாரும் நிற்கப்போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. ஷார்ஜா சிக்னலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பேச்சா அது?

ஜோஹன்னஸ்பர்க்கில் துபாய்ப் பழக்கத்தில் வாடகை வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. அது வலதுபக்கம் உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் மடியில் இருந்தது. துபாயில் எத்தனையோ தடவை டிரைவிங் டெஸ்டில் தோற்றவர் அவர். "அண்ணே, எனக்கு லைசென்ஸ் இல்லண்ணே" என்று பதறி இறங்கினார். நாங்கள் இடம் மாற, பின்னால் இருந்த இருவரும் மாறினார்கள். எனக்கு நேர் பின்னால் இருந்தால்தான் கும்பகோணத்துக்காரருக்குத் தூக்கம் வருமாம்.

சரணாலயத்தில் முக்கியமான விதிகள் இரண்டு. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் தங்குமிடத்தின் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். வண்டிக்குள் அடைந்து கிடப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. டப்பாவில் புளியோதரையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை சுற்றினோம். மான்கள் மந்தை மந்தையாக நின்றன. ஒரு நாள் சிறுத்தை ஒன்று மரத்தை விட்டு இறங்கி எங்கள் பானட்டுக்கு முன்னால் ரோட்டைக் கடந்து போயிற்று. கும்பகோணத்துக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பினால் சிறுத்தை ஓடிவிடும் என்று விட்டுவிட்டோம். அதற்காக அவர் எங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல நாள் தள்ளிக்கொண்டே போனது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். கனடாக் குளிரைப் பற்றிப் பேச்சு வரும். அவர்கள் புது ஊர், புது வீடு, பிள்ளைகளின் புது ஸ்கூல் என்று பேசுவார்கள். நான் ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காட்டில் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருந்தும், ஃபிளாட்டில் இருப்பதைவிடத் தனியாக இருப்பதுபோல் இருந்தது.

கடைசி நாள் சாயங்காலம் கேட்டுக்குத் திரும்பும் வழியில், ரோட்டின் நடுவே ஒரு ஆண் யானை குறுக்கே நின்றது. ஒரு பக்கத் தந்தம் பாதி முறிந்திருந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போகிறவன் வழிவிடவில்லை என்றால் துபாய்க்காரன் என்ன செய்வான்? ஹெட்லைட்டை வெட்டி வெட்டிக் காட்டுவான். பல வருடப் பழக்கம், என் இடதுகை தானாக ஸ்டியரிங் ஓரத்துக் குச்சியை இழுத்தது. ஆனால் அந்த வண்டியில் எல்லாமே இடம் மாறியிருந்தது. லைட் எரியவில்லை. கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, வைப்பர் கிறீச் கிறீச்சென்று இரண்டு முறை போய்வந்தது.

யானை எங்கள் பக்கம் திரும்பிக் காதை விரித்தது. நான் மெல்ல ரிவர்ஸ் எடுத்தேன். அந்த அசைவில் விழித்த கும்பகோணத்துக்காரர் அரைத்தூக்கத்தில் யானையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மதுரைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். யானை இரண்டடி வந்து நின்றது. பிறகு எங்களை மறந்துவிட்டு ஒரு கிளையை ஒடித்துத் தின்ன ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்துக் காத்திருந்தோம்.

"ஒத்த யானைண்ணே" என்றார் மதுரைக்காரர். "வயசாயிருச்சின்னா கூட்டத்தை விட்டு வெளிய தள்ளிருவாய்ங்களாம். நம்ம அண்ணன் மாதிரி, பாவம், திரும்ப பேச்சிலரு."

"என்னை யாரும் தள்ளல. நான்தான் அனுப்பினேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. விளையாட்டாகச் சொன்ன பேச்சுக்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்கே தெரிந்திருந்தது. நான் அனுப்பினேன் என்பது உண்மை. அனுப்பியபோது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதும் உண்மை.

நாகர்கோவில்காரர்தான் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். "நாங்க போன பொறவு ஒத்தைக்குல்லா ஓட்டணும் நீங்க. என்ன செய்வீங்கண்ணே?"

கேட்டேவிட்டார். இதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன்.

"நிம்மதியா ஓட்டுவேன்" என்றேன். "குறட்டை இருக்காது, வியாக்கியானம் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். மதுரைக்காரர் என் தோளைத் தட்டினார். யானை புதருக்குள் இறங்கிப் போயிற்று. நான் வண்டியைக் கிளப்பினேன். கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

திரும்பி வந்த கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன நாகர்கோவில்காரரின் பெட்டிகளை நானே முசஃபாவில் கொண்டுபோய் இறக்கினேன். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குத் தனியாக வண்டியை எடுத்தேன். கை பழக்கத்தில் கஃபத்தீரியா முன்னால் ஹாரன் அடித்துவிட்டேன். சேட்டன் தட்டில் நாலு கப்போடு வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டோடு முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு முன்னால் ஒரு டாக்ஸி வழியை மறித்து நின்றது. லைட்டைக் காட்டலாம் என்று வலதுகையால் குச்சியை இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வைப்பர் கிறீச்சென்று போய்வந்தது. அத்தனை வருடப் பழக்கத்தை யானைக்கு முன்னால் பட்ட அந்த ஒரு பாடம் புரட்டிப் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நாலு கப்பிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? இன்னைக்கு லீவா?"

"டூட்டிதான்."

"அப்ப அவங்க?"

"எல்லாரும் போயாச்சு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். யானைக்கு முன்னால் சொல்ல முடியாதது, அஜ்மானில் ஒரு சாயாக்கடை வாசலில் தானாக வந்தது. "எனக்கு இங்க யாரும் இல்ல. ரொம்ப நாளாவே முடியல."

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

"தினம் அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தானே," என்றாள், "நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு நான் இங்க இருந்துட்டேன்."