இரண்டு தடவை கூப்பிட்ட பிள்ளை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை எனக்கு மனப்பாடம். பஸ் வருவதற்கு முன்னால் உப்பு மூட்டை சுமந்து அதில் ஏறியவள் நான்.

அந்தப் பாதைக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கீழேயிருந்து ஒரு சார் மாதம் ஒரு தடவை இளவட்டங்களைக் கூட்டி வருவார். பாதிப் பேர் கீழூர்ப் பிள்ளைகள், பாதிப் பேர் எங்கள் மலைப் பிள்ளைகள். சேர்ந்து நடப்பார்கள். வழியில் கிடக்கும் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் சாக்கில் பொறுக்குவார்கள், மரத்துக்கு மரம் பேர் கேட்பார்கள். சாயங்காலம் எங்கள் ஊரில் சாமைச் சோறு தின்றுவிட்டு மேளம் அடித்து ஆடுவார்கள். வரிசையில் கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் ஒருத்தரும் தங்கிவிடக் கூடாது, அதுதான் என் வேலை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வழக்கங்களைக் கேட்டு நோட்டில் எழுதுவார்கள். விதைப்பு, கல்யாணம், சாவு எல்லாம் சொன்னேன். ஒரு நாள், உச்சிவேளையில் ஓடைப் பக்கம் காத்துக் கருப்பு நடமாடும் என்றேன்.

"அதுக்கும் பஸ் பாஸ் குடுத்திருக்காங்களா அம்மாயி?" என்றான் ஒரு பையன்.

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மலைப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

சொல்லாமல் விட்டது இதுதான். காட்டில் யாராவது கூப்பிட்டால் நாங்கள் உடனே குரல் கொடுப்பதில்லை. காத்துக் கருப்பு மனிதக் குரலில் கூப்பிடும், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் அதற்குக் கூப்பிட வராது. மூன்றாவது தடவையும் கேட்டால்தான் ஆள். எங்கள் ஆட்கள் காட்டில் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிடுவார்கள்.

அந்த ஐப்பசியில் பாதை முழுக்க வழுக்கல். கீழூரிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை என்கூடவே நடந்தது. என் பையையும் சேர்த்து அதுதான் தூக்கிக்கொண்டது. ஓடைக்குப் பக்கத்தில் நின்றது.

"நீங்க முன்னால போங்க அம்மாயி, ஒதுங்கிட்டு வாரேன்."

"வெரசா வா கண்ணு" என்று சொல்லிவிட்டு, வளைவு தாண்டி முதுகைக் காட்டி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் "அம்மாயி" என்று ஒரு குரல். அவள் ஒதுங்கின பக்கமிருந்து அல்ல, கீழே பள்ளத்திலிருந்து. மறுபடியும் "அம்மாயி". வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மூன்றாவதுக்காகக் காதைக் கொடுத்து நின்றேன். வரவில்லை. அப்படியானால் அது ஆள் இல்லை. பிள்ளை குறுக்குப் பாதையில் ஏறி முன்னால் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

மேலே போய்ச் சார் தலை எண்ணினார். ஒன்று குறைந்தது.

எல்லாருக்கும் முன்னால் இறங்கி ஓடினவள் நான்தான். எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பள்ளத்தில் மயங்கிக் கிடந்தாள். கூடவே உருண்ட பாறை முழங்காலுக்குக் கீழே ஏறி உட்கார்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து அதைத் தள்ளி, மூங்கிலில் போர்வை கட்டி அவளை ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

"எப்படீங்க நேரா அங்கயே போனீங்க?" என்று கேட்டார் சார்.

நான் பைகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

தை பிறந்த பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். பிள்ளையைக் கண்டுபிடித்துக் காப்பாற்றியவள் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன். அவளும் கக்கத்தில் கட்டையோடு வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிடப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாயி, நான் கூப்புட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். எழுபது வருசமாக நான் யாருக்கு முன்னாலும் தலை குனிந்ததில்லை.

"கேட்டுச்சு கண்ணு. ரண்டு தடவ."

மூன்று தடவைக் கணக்கைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"மூணாவது கூப்புடறதுக்குள்ள கண்ணு இருட்டிருச்சுங்க" என்றாள். அப்புறம், "மூணு தடவ கூப்புடணும்னு எங்களுக்கு யாருமே சொல்லலீங்களே."

"நாந்தான் சொல்லல."

அவள் என்னைத் திட்டவில்லை. கட்டையை எடுத்து ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் கையை நீட்டினேன். அதைப் பிடிக்காமல் "அம்மா" என்றாள். சத்தம் போட்டுக்கூட இல்லை, ஒரே ஒரு தடவை.

பந்தியின் அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தாய், இலையில் சோற்றைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.