அக்னேஸ் என்றால் ஆட்டுக்குட்டி

குருநகர் சந்தையில் மீன் வெட்டும் அக்னேசுக்கு இடது காது கேட்காது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் புருசன் டானியல் அறைந்த அறையில் போனது. முன்பல் ஒன்று போனது இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது. டானியல் கடலுக்குப் போகாத நாட்களில் குடிப்பான், குடித்தால் அடிப்பான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சத்தம் கேட்டால் அயலவர்கள் டிவியைக் கூட்டி வைப்பார்கள். இப்படியே இருபது வருடம்.

போன வருடம் தை மாதம், அர்ச்சியஸ்ட அக்னேஸ் என்ற புனிதையின் திருநாள் பூசையில், புதிதாக வந்திருந்த பாதர் பிரசங்கம் வைத்தார்.

"அக்னேஸ் எண்டால் லத்தீன் மொழியிலை ஆட்டுக்குட்டி. வாளோடை வந்தவனுக்கு முன்னாலையும் வாய் திறவாத ஆட்டுக்குட்டி."

ஆண்கள் பக்கத்தில் டானியல் சிரித்தான். அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது. முதலில் ஆடு மாதிரிக் கத்துவான், பிறகு அடிப்பான். அவள் அழுதால், "ஆடு வாய் திறக்காதெண்டு பாதரே சொல்லிப்போட்டார்" என்று வாயிலேயே குத்துவான். பங்குனியில் ஒருநாள் துடுப்பால் அடித்ததில் அவளுடைய புருவம் பிளந்தது. ஏழு தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரத்தம் காயாத சட்டையோடு பாதர் தங்கியிருந்த அறைவீட்டுக்குப் போனாள்.

"பாதர், என்ரை பேருக்கு வேறை கருத்து இல்லையோ?"

பாதர் அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். நடந்ததை அவள் சொல்லி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது லத்தீன் பேரே இல்லையம்மா. கிரேக்கப் பேர். ஹாக்னே எண்டால் மாசில்லாதவள். லத்தீனிலை ஆட்டுக்குட்டிக்கு ஆக்னுஸ் எண்டு பேர். சத்தம் ஒண்டு மாதிரி இருக்கிறதாலை சனம் மாறி விளங்கிக்கொண்டுது."

"தெரிஞ்சுகொண்டே ஏன் பாதர் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிரசங்கத்துக்கு நல்லா இருக்குமெண்டு நினைச்சன்."

"அப்ப வந்து அவருக்குச் சொல்லுங்கோ."

பாதர் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு நடந்தார். டானியல் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கிரேக்கம் என்ற சொல்லை அவன் முழுதாகக் கேட்கவில்லை. எழும்பிப் பாதரின் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி போய் மதிலில் அடிபட்டு உடைந்தது. பாதர் நிலத்தில் இருந்துவிட்டார்.

தெரு முழுக்க வெளியே வந்தது.

முதல் உதை பக்கத்து வீட்டு ஜெரிசனுடையது. பிறகு யார் யார் என்று சொல்லமுடியாது. கட்டை, கல், அவனுடைய அதே துடுப்பு. டானியலை இழுத்துக்கொண்டுபோய்க் கடற்கரையில் போட்டு அடித்தார்கள். காலெலும்பு முறிந்த சத்தம் அக்னேசின் நல்ல காதுக்குக் கேட்டது. அவள் ஓடிப்போய் நடுவில் விழுந்தாள். அடி ஒன்று அவளுடைய தோளிலும் பட்டது.

"விடு அக்கா! பாதருக்குக் கைநீட்டினவனை உயிரோடை விடுறதோ?" என்று ஜெரிசன் கத்தினான்.

"இருபது வருசம் எனக்கு அடிச்சவன். அப்பவெல்லாம் எங்கையடா போனனீங்கள்?"

 கைகள் நின்றன.

அவள் டானியலை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கூடப் போகவில்லை. நேரே பொலிசுக்குப் போய் இரண்டு முறைப்பாடு எழுதிக்கொடுத்தாள். ஒன்று டானியலுக்கு எதிராக. மற்றது, டானியலை அடித்தவர்களில் அவள் முகம் கண்ட ஐந்து பேருக்கு எதிராக. முதல் பெயர் ஜெரிசன்.

டானியல் வீட்டுக்குக் கிட்டவும் வரக்கூடாதென்று நீதிமன்றம் சொன்னது. அவன் நொண்டிக்கொண்டே மன்னாரில் இருக்கும் தமையனிடம் போய்விட்டான். ஜெரிசனும் மற்ற நாலு பேரும் பிணையில் வந்தார்கள். தெரு அக்னேசோடு கதைப்பதை நிறுத்தியது. "கட்டினவனையும் காட்டிக்குடுத்தாள், கைகுடுத்தவங்களையும் காட்டிக்குடுத்தாள்" என்றார்கள். சந்தையில் அவளிடம் வெட்டக் கொடுத்த பாதிப்பேர் வேறு ஆளிடம் போனார்கள். அவளுக்கு அது நோகத்தான் செய்தது. என்றாலும் மத்தியானத்தில் கதவைத் திறந்துபோட்டுப் படுத்து நித்திரை கொள்ள முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படிப் படுத்ததில்லை.

ஆவணியில் ஒரு காலை, ஜெரிசனின் பெஞ்சாதி தனுசியா சந்தைக்கு வந்தாள். கையில் மீன் இல்லை. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"அக்கா, பொலிசிலை ஆரிட்டைப் போய்க் கதைக்கவேணும்?"

அக்னேஸ் கத்தியைக் கழுவிச் சாக்கில் சுற்றி வைத்தாள்.

"நில். நானும் வாறன்."