பொட்டு வைத்த இயந்திரமும் வராத விசாவும்

ஐப்பசி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. காலை 6.10க்குத் திருத்தணியில் திருப்பதி பேருந்து ஏறும்போதே எனக்கு வயிறு எரிந்தது. வண்டி முழுக்க ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்கள். நான் மட்டும் ஒரு கம்பெனிக்காரன் முகத்தில் முழிக்கப் போகிறேன். ரேணிகுண்டா வரை அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் தொண்ணூறு ரூபாய்.

6.45க்கு நகரியில் என் அக்கா மகள் செல்வி ஏறினாள். ரேணிகுண்டா பக்கம் செல்போனுக்குள் வைக்கும் மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை. அப்பா இல்லாத பெண் என்பதால், "வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வா" என்று கம்பெனி என்னை வரவழைத்திருந்தது.

"இன்னாமா பண்ண நீ?"

"மிஷினுக்குப் பொட்டு வச்சேன் மாமா."

ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். சில்லுகளைப் பொருத்தும் இயந்திரத்துக்கு ஒரு கேமரா கண் உண்டு. அதன் மேலேயும் செல்வி பக்தியோடு ஒன்று வைத்துவிட்டாள். துடைத்தார்கள். ஆனால் கண்ணின் அளவு பிசகி, இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அளவைச் சரிசெய்து திறக்கும் குறியீடு போட, அதை நிறுவிய சீனப் பொறியாளரே நேரில் வரவேண்டும், போனில் ஆகாது. விடுமுறைக்கு ஊர் போன அவர் திரும்பி வர விசா கிடைக்கவில்லை. மூன்று வாரமாக நாற்பது பெண்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள்.

புத்தூர் தாண்டும்வரை கம்பெனிக்காரனை மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். வாய்விட்டிருந்தால் வண்டியே திரும்பிப் பார்த்திருக்கும்.

8.20, ரேணிகுண்டா. டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க விளங்கவில்லை. கடை டிவியில் நம் நாட்டுப் பெரிய மனிதரும் சீன நாட்டுப் பெரிய மனிதரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். "இனி சண்ட இல்ல சார், ப்ளேன்கூட உட்டுட்டாங்கோ" என்றார் டீக்கடைக்காரர்.

"ப்ளேன் உட்டா போதுமாய்யா? ஏர்றவனுக்கு விசா எங்க?" என்று நான் கத்தியதில் அவர் பால் சட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்! பனிமலையில் கோடு எங்கே என்று இரண்டு அரசாங்கமும் முட்டிக்கொள்ளும். இங்கே விசா தர இழுத்தடிப்பு, அங்கே ஆளை அனுப்ப யோசனை. சரக்கு மட்டும் கப்பல் கப்பலாக வரும். இயந்திரத்தை விடுவார்களாம், அதை ஓட்டத் தெரிந்தவனை விடமாட்டார்களாம். என்ன நியாயம் இது?

9.30. ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய் கொடுத்துத் தொழிற்சாலை போய்ச் சேர்ந்தோம். குளிரூட்டிய அறையில் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். 'என் கவனக்குறைவால் இயந்திரம் பழுதானது, வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது.

"சந்தகம் பெட்டு அம்மா, அயிப்போதுந்தி" என்றார். கையெழுத்து போடு, முடிந்துவிடும் என்கிறார். எவ்வளவு சுலபம்!

"பூஜைக்குப் பூசணிக்காய் ஒடச்சது யாரு சார்?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்ப அந்தக் கண்ண மூடச் சொல்லணும்னு உங்களுக்கே தெரியலியா?"

அவர் வாயைத் திறக்குமுன் செல்வி முந்திக்கொண்டாள்.

"போன வருஷம் சீனாக்காரரு இருந்தாரு சார். நாங்க சந்தனம் எடுத்துக்கினு வர்றப்பவே ஓடியாந்து அந்தக் கண்ணு மேல காயிதம் ஒட்டினாரு. அப்புறம் தன் நெத்தியக் காட்டி, எனக்கும் வையின்னு சிரிச்சாரு. இந்த வருஷம் ஒட்ட ஆளில்ல. அது என் தப்பா?"

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: கையெழுத்து போட்டால் கணக்கு முடித்து இன்றே பணம். போடாவிட்டால் பொறியாளர் வந்து அறிக்கை தரும்வரை சம்பளமில்லாமல் காத்திருக்க வேண்டும்.

செல்வி என்னைப் பார்த்தாள். 'போட்டுவிட்டு வா, வேறு வேலை தேடலாம்' என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் தாளை மேசை மேல் தள்ளிவிட்டாள்.

"அவரு வந்து சொல்லட்டும் சார், என்னாலதான்னு. அப்பப் போடறேன்."

பகல் 1.15, திரும்பும் பேருந்து. புத்தூரில் ஆளுக்கு நான்கு இட்லி தின்றோம், அறுபது ரூபாய். எங்கள் திருத்தணியும் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டம்தான். எந்த ஊர் தமிழ்நாட்டுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று போராட்டம் நடத்தி, கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டித்தான் என் அக்காவை நகரியில் கட்டிக் கொடுத்தோம். எல்லைக்கு அந்தப்பக்கம் பெண் கேட்கப் போக எங்களுக்கு எவனும் விசா கேட்கவில்லை. அது சின்னக் கோடு, இது பெரிய கோடு என்பார்கள். இருக்கட்டும். நகரிப் பெண்ணின் சோற்றில் அதை ஏன் போடுகிறார்கள்?

நகரி வந்தது. இறங்கும்போது செல்வி படியில் நின்று கேட்டாள்.

"மாமா, அந்தாளுக்கு எப்ப விசா குடுப்பாங்க?"

நடத்துநர் விசில் ஊதிவிட்டார். அவள் தொங்கிய முகத்தோடு சாலையைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே, காலையில் டிவியில் கை குலுக்கிய அந்த இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.