தண்ணீர் வழியாக வராத மீன்

வெர்லன் பீப்பிள்ஸ் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன். வடக்கு அலபாமாவில், எங்கள் அணை ஏரியில் ‘பாஸ்’ என்ற மீனைப் பிடிப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. ஆனால் சங்கத்தின் விதிகளை எழுதியவன் அவன். பட்டறையிலும் அவனோடு வேலை, சனிக்கிழமைகளில் அவன் படகில் பின்னிருக்கை என்று ஆகிவிட்டதால், அவன் பிடிவாதத்தை நான் வாரம் முழுக்கச் சுமக்கிறேன்.

படகுத்துறையில் தூண்டில் இரை விற்கும் கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. பத்து பவுண்டுக்கு மேல் மீன் கொண்டுவந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். பதினோரு பெயர்கள். பன்னிரண்டாவதாகத் தன் பெயர் வர வேண்டும் என்பதைத் தவிர வெர்லன் வாழ்க்கையில் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

அந்த மார்ச் சனிக்கிழமை போட்டி. விடியும்போதே தென்மேற்குக் காற்று. மற்றவர்கள் ஓடைகளுக்குள் ஒதுங்கினார்கள். இவன் ஏரியைக் குறுக்கே கடந்து எதிர்க்கரைக்குப் படகை விட்டான்.

"காத்து மோதுற கரையிலதான்டா பொடி மீன் ஒதுங்கும். பொடி இருக்கிற இடத்துக்குப் பெருசு வராம எங்க போகும்?"

"பெருசு வரும். நாம எப்படித் திரும்பிப் போறது?"

"வாய மூடிட்டுத் தூண்டிலப் போடு."

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவன் படகில் ஏறியிருக்க மாட்டான். பாறையில் மோதாமல் படகை நிறுத்தி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனால் பதினோரு மணிக்கு வெர்லனின் தூண்டில் வளைந்தது. நான் வலையை நீட்டினேன். வயிறு நிறைய முட்டையோடு ஒரு பெண் மீன். பத்து பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் குறைந்தாலும் என் காதை அறுத்துக்கொள்ளலாம். படகுத் தொட்டியில் விட்டு மூடியை மூடினான், திறந்து பார்த்தான், மறுபடி மூடினான். அழுதான். ஐம்பத்தாறு வயது ஆள் மீனுக்காக அழுதால் சிரிப்பு வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு வரவில்லை.

எடை போட மூன்று மணிக்குள் துறையில் இருக்க வேண்டும், மீன் உயிரோடு இருக்க வேண்டும். மூன்று தடவை கிளம்பினோம். மூன்று தடவையும் அலை முகப்புக்கு மேலே ஏறி வந்து முழங்கால் வரை நிரப்பியது. அதற்கு மேல் முயன்றிருந்தால் எங்கள் இருவரையும்தான் வலைபோட்டுத் தேடியிருப்பார்கள். ஒன்றரை மணிக்கு எதிர்க்கரையின் சின்னப் படகிறங்குதுறையில் ஒதுங்கினோம். நாலு மைலுக்கு அப்பால் எங்கள் துறையின் போட்டிக் கூடாரம் வெள்ளையாகத் தெரிந்தது. தொட்டியில் மீன் ஒருக்களிக்க ஆரம்பித்தது.

நான் துறைக்குப் போன் செய்தேன். எடுத்தது ஆர்பி ஸ்டாக். மீன் சாகப்போகிறது, எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டோம் என்று சொன்னேன்.

ஆர்பி ஒரு காலத்தில் வெர்லனின் உயிர்த் தோழன். இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டியில், நடு ஏரியில் அவன் படகின் எஞ்சின் நின்றுபோனது. கரை ஒதுங்கி, மருமகன் வண்டியில் மீனைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் மீதியிருக்கும்போது ஓடி வந்தான். வெர்லன் தராசின் முன்னால் நின்று விதியைப் படித்தான்: மீன் தண்ணீர் வழியாக, பிடித்தவன் படகிலேயே வர வேண்டும். சாலையில் வந்தால் யார் குட்டையில் பிடித்ததென்று யாருக்குத் தெரியும்? வாக்குவாதம் முடிவதற்குள் ஆர்பியின் மீன் வாளியிலேயே செத்தது. அன்றோடு அவன் தூண்டிலைத் தொடவில்லை. போட்டி நாளில் கூடாரத்தில் எல்லாருக்கும் கெளுத்தி மீன் வறுத்துப் போடுவான். வெர்லனின் தட்டிலும் போடுவான். பேச மாட்டான்.

"உசுரோட இருக்கா?" என்று மட்டும் கேட்டான் ஆர்பி. போனை வைத்துவிட்டான்.

அரை மணி நேரத்தில் அவனுடைய வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், காற்றடிக்கும் குழாயோடு. மேலங்கியில் இன்னும் வறுவல் மாவு.

"ஏத்துங்கடா. நேரம் இருக்கு. அங்க எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தனும் ஆட்சேபணை சொல்லல."

வெர்லன் அசையவில்லை.

"என்னடா நிக்கிற? மீனு சாவுது!"

"ரோட்டு வழியா வரக்கூடாது, ஆர்பி."

"எந்தப் பய சொன்னான்?"

"நான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உன் விதியத் தூக்கி ஏரியில போடுடா!" என்று கத்தினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்கு வந்துவிட்டது, தெரிந்தும் விட்டது, ஆனால் மருந்தைக் குடிக்க வாய் திறக்கவில்லை.

"உனக்கு இல்லன்னு சொன்னத நான் எப்படிடா எடுத்துக்குவேன்?" என்றான் வெர்லன் ஆர்பியிடம்.

மீனை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அது நீந்தவில்லை. நிமிர்த்திப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தான். அலை அவனைத் தள்ளியது. ஆர்பி பூட்ஸோடு இறங்கி, அலை வரும் பக்கமாகப் போய் நின்று, முதுகைக் கொடுத்தான். வெகுநேரம் கழித்து மீனின் வால் ஒரு தடவை அடித்தது. ஆழத்துக்குள் நீந்திப் போய்விட்டது.

வெர்லன் கைகளைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"ஆர்பி, அன்னிக்கு உன் மீனு எத்தனை பவுண்டு இருந்துச்சு?"

"தெரியாதுடா," என்றான் ஆர்பி. "நீதான் தராசுல வைக்க விடலையே."